சத்தமே கேட்காமல் வந்த மாப்பிள்ளைக் கார்

கீழக்கரை,
12-5-1957.

கொழும்பில் கடை வைத்திருக்கும் அருமை மச்சான் அப்துல் அஜீஸ் அவர்களுக்கு வாவு முகம்மது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் அல்லாஹ் கிருபையால் நலம். உங்கள் உடல் சுகத்துக்கும் கடை பரக்கத்துக்கும் துஆச் செய்கிறோம். உங்கள் மருமகள், என் மகள் காலிதாவின் நிக்காஹ் நல்லபடி முடிந்தது. அதோடு, நீங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன கார் என் மானத்தையும் காப்பாற்றிவிட்டது.

நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் பெரியவாப்பா ஹாஜா முகைதீன், "மாப்புள்ளய எதுல அழைப்பீய? மாட்டு வண்டியிலயா?" என்று சபையில் கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க மச்சான் காருலதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், டிரைவர் ராக்கப்பன் சாவியைத் திருப்பத் திருப்பக் கார் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. ஹாரனை அமுக்கினால் சளி பிடித்த பூனைக்குட்டியின் சத்தம். விளக்கைப் போட்டால், எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். "மொதலாளி, நேத்துப் பூரா பாட்டுப் போடப் பேட்டரியக் கழட்டி மைக் செட்டுக்குக் குடுத்தீய. அதுல இருந்த உசுரெல்லாம் பாட்டாப் போயிருச்சு" என்கிறான். ஒரே மகள் கல்யாணப் பாட்டு ஏர்வாடி வரைக்கும் கேட்க வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்!

பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை உங்கள் தங்கை மெஹருன்னிசா வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். ராக்கப்பன் வயரை இறுக்கினான். நான் ஹாண்டில் போட்டுச் சுற்றியதில் ஒரே ஒரு தடவை உயிர் வந்து, அது என் மணிக்கட்டை உதைத்தது. தள்ளிப் பார்த்தோம், நம் தெரு மணலில் வேகம் பிடிக்கவில்லை. இராமநாதபுரத்துக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்ற நேரமில்லை. அங்கே மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்தாயிற்று.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் எந்தக் கார் ஓடியிருக்கிறது? பைத்துப் பாடுகிறவர்கள் முன்னால் நடக்க, காரும் நடந்துதானே வரும்! நமக்குத் தெரிந்த சங்கு குளிக்கும் ஆட்களைக் கூப்பிட்டு, வெள்ளை வேட்டியும் தொப்பியும் கொடுத்து, "மரியாதைக்குக் கைய வச்சமாதிரி நடங்கப்பா, ஆனா தள்ளுங்க" என்றேன். காரைச் சந்து வழியாக மாப்பிள்ளை வீட்டு வாசலில் சேர்த்தோம். மாப்பிள்ளை ஏறினார். பைத்துச் சத்தத்தில் எஞ்சினை யார் கேட்டார்கள்? ராக்கப்பன் கியர் மாற்றுவதுபோல் என்னமாய் நடித்தான்! மேடு வந்தபோது ஹாஜா முகைதீனே பெருமையாகக் காரின் முதுகில் கை வைத்து, கூட்டம் நெருக்கியதில் தன்னை அறியாமல் தள்ளினார் மச்சான், அதை நான் கண்ணால் பார்த்தேன்!

மாப்பிள்ளை பந்தலில் இறங்கியதும் ஹாஜா முகைதீன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "காருன்னா இது காரு. எஞ்சின் ஓடுறதே தெரியலையே!" சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகவே புதுப் பேட்டரி அனுப்ப வேண்டாம். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக.

இப்படிக்கு,
வாவு முகம்மது

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை வந்து, "மாமா, அடுத்த மாசம் நானும் காலிதாவும் கொழும்புக்குப் போறோம். இராமநாதபுரம் ரயிலடி வரைக்கும் அந்தக் காருலயே போயிருவோம். பெரியவாப்பாவும் கூட வாராகளாம்" என்றார். பழைய பேட்டரியில் இனிச் சார்ஜே நிற்காது என்கிறான் ராக்கப்பன். புதுப் பேட்டரியை உடனே கப்பலில் ஏற்றவும். அது வந்து சேரும்வரை சங்கு குளிக்கிற ஆட்கள் ஒருவரையும் கடலுக்கு விடமாட்டேன். ரயிலடி பத்து மைல்.