கவுண்டியின் முத்திரையும் என் டீக்கன் நாற்காலியும்

பெல்வுட் கவுண்டி, டென்னசி
ஜூலை 17, 2015, வெள்ளி மாலை

கர்த்தருக்குள் பிரியமான அக்கா இமோஜீனுக்கு, தம்பி டார்சி எழுதிக்கொள்வது. அவருடைய கிருபையால் நானும் என் வீட்டுக்காரி வெர்லீனும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது யார் கிருபைக்கும் அடங்குவதில்லை. அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா என்று வெர்லீன் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி சண்டைக்கு வருகிறேன்.

"ரெண்டு பொம்பளைங்களுக்குக் கல்யாண லைசென்ஸ் குடுத்தேன்னு கேள்விப்பட்டா அப்புறம் நீ எனக்குத் தம்பி இல்லடா" என்று எழுதியிருந்தாய். கொடுத்தாயிற்று அக்கா. முத்திரையும் குத்தியாயிற்று. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கவுண்டி கிளார்க், இந்த மாவட்டத்துக் கல்யாணப் பதிவெல்லாம் என் கையில்; முப்பத்தொரு வருஷமாக நம் பாப்டிஸ்ட் சபையில் கர்த்தருடைய பந்தியில் அப்பம் பரிமாறுகிற டீக்கன். இரண்டையும் ஒருநாளும் நான் கலந்ததில்லை. வேலை நேரத்தில் சாண்ட்விச்சுக்குக்கூட வாய்விட்டு ஜெபித்ததில்லை, வேண்டுமானால் என் குமாஸ்தாக்களைக் கேட்டுப் பார். நம் முன்னோர்கள் அரசாங்கத்திடம் அனுமதிச்சீட்டு வாங்காமல் பிரசங்கம் செய்ததற்காக வர்ஜீனியாவில் ஜெயிலுக்குப் போனவர்கள். சபையில் அரசாங்கம் தலையிடக்கூடாது என்று அவர்கள் களி தின்றார்கள். அரசாங்க அலுவலக ஜன்னலில் சபை தலையிடலாமா என்று அவர்களை எழுப்பிக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

லைசென்ஸ் கேட்டு வந்தது வேறு யாருமில்லை. நம் சபையில் பத்தொன்பது வருஷம் பியானோ வாசித்த ராபர்ட்டாவும், மாட்டு வைத்தியம் பார்க்கிற ஃபேயும்தான். நான் ஒளிக்காமல் சொன்னேன்: "ராபர்ட்டா, என் பைபிள்படி இது கல்யாணமே இல்லம்மா." அவள் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அதே பைபிள்தாண்ணே எங்கிட்டயும் இருக்கு. நான் படிச்சதுல கர்த்தர் என்னைத் தள்ளல. அதை விடுங்க, உங்க ஆசீர்வாதத்தையா கேட்டேன், முத்திரையத்தானே கேட்டேன்." நியாயமான பேச்சு. குத்தினேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜன்னலிலேயே கல்யாணத்தை நடத்தித் தருகிறேன் என்றும் சொன்னேன், ஏனென்றால் நம் மாநிலத்தில் கிளார்க்குக்கு அந்த அதிகாரம் உண்டு, ஊரில் வேறு எவனுக்கும் அந்தத் துணிச்சல் இல்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் சபைக் கூட்டம். பொரித்த கோழியும் வாழைப்பழ புட்டிங்கும் மேசையில் இருக்க, பாஸ்டர் லைல் பெட்டஸ் எழுந்து, "அந்த லைசென்ஸைத் தொட்ட கை, கர்த்தருடைய பந்தியைத் தொடலாமா? டார்சி சகோதரரை டீக்கன் பொறுப்புலேருந்து நீக்கணும்னு கேட்டுக்கறேன்" என்றார். முப்பத்தொரு வருஷம், அக்கா. நானும் எழுந்தேன். "பாஸ்டர், இந்த ஊர்ல நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் கவுண்டி காகிதத்துல கையெழுத்து வச்சது யாரு? நீங்கதானே? 'மாநிலம் எனக்கு அளித்த அதிகாரத்தின்படி'ன்னு பிரசங்க மேடையில நின்னு சொல்றீங்களே, சம்பளமில்லாம எனக்குக் குமாஸ்தா வேலை பாக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அரசாங்கக் கல்யாணம் தீட்டுன்னா உங்க பேனாவையும் கீழ வைங்க. இன்னைலேருந்து நம்ம பாஸ்டர் யாருடைய கல்யாணத்துக்கும் அரசாங்கக் காகிதத்துல கையெழுத்துப் போடக்கூடாது. இதைத் தீர்மானமா கொண்டுவர்றேன்" என்றேன்.

மடக்கத்தான் சொன்னேன். ஆனால் போன மாதம் சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரிக் கல்யாணங்களுக்கு வழி விட்டதிலிருந்து சனங்களுக்கு அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தில் இது ஏதோ பெரிய போர் முழக்கமாகக் கேட்டுவிட்டது. "அப்படிப் போடு" என்று பின்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார். எல்லாக் கையும் மேலே போயிற்று, லைலுடைய கைதான் முதலில். தீர்மானம் நிறைவேறியது. புட்டிங் இளகிக்கொண்டிருந்ததால் என்னை நீக்குகிற விஷயத்தை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வரிசையில் நிற்கும்போதுதான் பாஸ்டரின் மகள் டெலேனி தட்டும் கையுமாக வந்து, "அப்பா, சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். காகிதத்துல யாரு கையெழுத்துப் போடுவா?" என்று கேட்டாள். லைல் எடுத்த கோழித்துண்டைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்தார். சபை ஓட்டுப் போட்டதைச் சபைதான் கூடி மாற்ற வேண்டும், பாஸ்டரால் முடியாது, நாம் பாப்டிஸ்டுகள். அடுத்த கூட்டமோ கல்யாணத்துக்கு மறுநாள். தெருமுனை மெதடிஸ்ட் பாஸ்டரைக் கூப்பிடலாமே என்று லைலின் மனைவி சொல்லிப் பார்த்தாளாம். "அதுக்கு டார்சியே தேவலை" என்றாராம் லைல்.

ஆக இன்று காலை பத்து மணிக்கு என் ஜன்னலில் வரிசை. முன்னால் ராபர்ட்டாவும் ஃபேயும். அவர்களுக்குப் பின்னால் டெலேனி, அவளுடைய மாப்பிள்ளைப் பையன், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு டை சகிதம் பாஸ்டர் லைல். நாளைக்குச் சபையில் ஜெபமும் கேக்கும், இன்றைக்கு என்னிடம் சட்டம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "அடுத்தவங்க வாங்க" என்று இரண்டு முறை சொன்னேன், சட்டம் கேட்கிற வாக்கியங்களை மட்டும் படித்தேன், கர்த்தருடைய பெயர் என் வாயில் வரவில்லை. மனதில் ஒன்றுமில்லை, கையில் முத்திரை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை என்னை நீக்கட்டும். பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டை உரக்கப் பாடிவிட்டு வருவேன். நீயும் என்னைத் தம்பி இல்லை என்று எழுதிக்கொள். நான் உன்னை அக்கா இல்லை என்று எழுதுவதாக இல்லை.

கர்த்தர் உன் வீட்டையும், அத்தானின் சர்க்கரையையும், உன் கோபத்தையும் தம் கையில் ஏந்திக் காப்பாராக. வெர்லீன் முத்தம் சொன்னாள்.

இப்படிக்கு, சொன்ன பேச்சு கேட்காத உன் தம்பி,
டார்சி விட்லோ

பி.கு.: உறை ஒட்டப் போனேன், மனசு ஒப்பவில்லை. ஜன்னலில் நடந்ததாக மேலே எழுதியது பொய். ராபர்ட்டாவின் கையிலிருந்து மோதிரம் நழுவித் தரையில் உருண்டது. ஃபே மண்டியிட்டுத் தேடி எடுத்தாள். அவர்களுக்கென்று ஒரு சொந்தம்கூட வரவில்லை, அக்கா. யாரும் கேட்காமலே என் கை ஜன்னலைத் தாண்டிப் போய் அவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டது. கவுண்டி நேரத்தில், கவுண்டி மேசையில், இயேசுவின் நாமத்தில் வாய்விட்டு ஜெபித்துவிட்டேன், ஒரு நிமிஷத்துக்குக் குறையாது. ஜெபம் முடிந்ததும் எல்லாரையும் முந்திக்கொண்டு ஒரு குரல் "ஆமென்" என்றது. கண்ணைத் திறந்தால், தலை குனிந்து நிற்கிறார் லைல். பழக்க தோஷம் என்றார். எனக்கும் அதேதான் என்றேன். அரசாங்க அலுவலகத்தில் மதம் கலந்ததற்காக என் மேல் நானே புகார் எழுதிக் கவுண்டிக்கு அனுப்பியிருக்கிறேன். சாட்சி என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டிருக்கிறேன்.