இல்லாத துப்பாக்கிக்கு நிபுணர்

யோசனை சொல்பவர்களில் பல ரகம் உண்டு. கல்யாணமே ஆகாமல் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுபவரை உங்களுக்குத் தெரியும். நீச்சல் தெரியாமல் கரையில் நின்றுகொண்டு "காலை உதை, காலை உதை" என்று கத்துபவரையும் தெரியும். இந்த இனத்திலேயே கொழுத்த ரகம் ஒன்று இருக்கிறது. தன்னிடம் இல்லாத, ஏழு ஜென்மத்துக்கும் வரப்போகாத ஒரு பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்று அடித்துச் சொல்கிற ரகம். இது எந்த மண்ணிலும் விளையும் என்றாலும், குவைத் சண்டை முடிந்த கையோடு வளைகுடாவில் இதன் விளைச்சல் அமோகம். டி.வி.யில் ஏவுகணை பார்த்தவரெல்லாம் தளபதியாகிவிட்ட காலம் அது.

நம்முடைய மாதிரிக்கு அம்மையப்பனை எடுத்துக்கொள்வோம். சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஷார்ஜாவில் ஓர் அரபி வீட்டு டிரைவர். வெள்ளிக்கிழமை லீவுக்கு அங்கேயே ரோலா பகுதியில் இருக்கும் ஊர்க்காரர்கள் ரூமுக்கு வருவார். வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வெங்காயம் உரிக்கவோ கோழி கழுவவோ கை நீளாது, வாய் மட்டும் நீளும். அவருடைய முதலாளி, அதாவது அர்பாப், அரசாங்க அனுமதியோடு ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். நீள அங்கிக்குள் இடுப்பில் இருக்கும், வெளியே தெரியாது. அதை அம்மையப்பன் பார்த்திருக்கிறார். பார்த்தால் போதாதா, நிபுணர் ஆவதற்கு?

பிரச்சினை இதுதான். துப்பாக்கியின் கைப்பிடிக்குள் குண்டுகள் அடுக்கி இருக்கும். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால் ஒரு குண்டு குழலுக்குள் ஏறிக்கொள்ளும், அப்புறம் விசையை அழுத்தினால் வெடிதான். இடுப்பில் செருகிக்கொண்டு திரியும்போது அந்த ஒரு குண்டை ஏற்றி வைப்பதா, ஏற்றாமல் வைப்பதா?

"ஏத்தாம வச்சிருந்தா அது துப்பாக்கியாடா? அதுக்கு ஒரு தேங்காயைச் சொருகிக்கிட்டுப் போகலாம்ல! எதிரி வந்து நிக்கிறப்ப, 'அண்ணே, செத்த பொறுங்க, இழுத்து ஏத்திக்கிறேன்'னா, பொறுப்பானா அவன்?" என்பார் அம்மையப்பன்.

எதிர்க்கட்சித் தலைவர் லுக்மான், கீழக்கரைக்காரர், ரோலாவில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். "குனிஞ்சு செருப்பு மாட்டும்போது வெடிச்சா என்னண்ணே பண்ணுவீங்க? எதிரிக்கா போகும்? நம்ம தொடைக்குல்ல போகும்!"

"தொடை போனாப் போகட்டும்டா, உசுரு நிக்கும்ல!"

யார் அந்த எதிரி? துபாய் பஸ்ஸில் இடித்துக்கொண்டு ஏறுகிறவனா? யாரும் கேட்கவில்லை. ரூமில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரிடமும் எலி அடிக்க ஒரு கட்டைகூடக் கிடையாது. ஆனால் ஏற்றுவோர், ஏற்றாதோர் என்று ரூம் இரண்டாகப் பிளந்து, ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு சட்டியில் தனித்தனியாகப் பிரியாணி வெந்தது. இரண்டும் குழைந்துபோயின.

இப்படியே போயிருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஒருநாள் துபாய் அல் கூஸில் இருந்த தன் கிடங்கிலிருந்து திரும்பும் வழியில் அர்பாப், அரபியும் இந்தியும் பிசைந்த பாஷையில் கேட்டார்: "நீ இந்தியாவுல போலீஸ்தானே? என் அண்ணன் குண்டை ஏத்தி வைங்கிறான், சம்சாரம் வேண்டாங்கிறா. நீ சொல்லு."

வேலைக்குச் சேரும்போது போலீஸ் என்று அம்மையப்பன் சொல்லி வைத்தது உண்மைதான். ஊரில் ஒரு ஸ்டேஷன் ஜீப்புக்குச் சில மாதம் ஆக்டிங் டிரைவராக இருந்தார், அவ்வளவுதான். 'தெரியாது' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த இனத்துக்குத் தொண்டையில் ஒரு கதவு உண்டு. வேறெந்த வார்த்தைக்கும் திறக்கும், அதற்கு மட்டும் திறக்காது.

"ஏத்தித்தான் வைக்கணும் அர்பாப். இதுல யோசனையே கூடாது."

"ஷாபாஷ்!" அர்பாப் துப்பாக்கியை எடுத்து இழுத்து விட்டார். 'கடக்'கென்றது. தொந்தியை இடிக்கிறதென்று அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டார். வீடு வந்ததும் இறங்கிப் போய்விட்டார். துப்பாக்கி வண்டியிலேயே தங்கிவிட்டது. குழல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்கிறீர்கள்? நிபுணரின் வலது முழங்காலை.

அதன் பிறகு அம்மையப்பன் வண்டி ஓட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! வேகத்தடை வந்தால் நிறைமாத கர்ப்பிணியை ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி ஏறி இறங்குவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்தித் திட்டுவான். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு ஒவ்வொரு தடைக்கும் ஒரு தேங்காய் நேர்ந்தார். எடுத்துவிடச் சொல்லலாமே என்கிறீர்களா? சொல்லலாம். சொன்னால் நிபுணர் என்ற பேர் என்னாவது?

ஒரு காலையில் அர்பாபின் மகள் மைத்தாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். சின்னக் குழந்தை, முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பாள். சிக்னலில் நின்றபோது, சூயிங்கம் தேடிப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டாள்.

"மாஃபி! மாஃபி! கூடாது!" என்று அலறிய அம்மையப்பன் அந்தக் கையைப் பிடித்திழுத்து, பெட்டியை அறைந்து மூடி, வண்டியை ஓரங்கட்டினார். குழந்தை பயந்துபோய் வீறிட்டாள். அந்தப் பிஞ்சுக் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு அவரும் அழுதார். இந்த ஓர் இடத்தில் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை, விட்டுவிடுவோம்.

ஆனால் பாருங்கள், இந்த இனம் லேசில் சாகாது. அர்பாப் முன்னால் போய் நின்றதும் உண்மையா வந்தது?

"அர்பாப், இந்த ஊர் வெயிலுக்குக் குண்டை ஏத்தி வைக்கக் கூடாது. சூட்டுல தானா வெடிச்சிரும்."

அர்பாப் பதறிப்போய்க் குண்டை இறக்கினார். "நல்லவேளை சொன்னே! அப்போ குளிர் வந்ததும் ஏத்திக்கலாம். அடுத்த மாசம், அச்சா?"

அம்மையப்பனுக்கு மைத்தாவின் கைதான் கண்முன் வந்தது. குளிர்காலத்திலும் அந்தக் குழந்தைக்குச் சூயிங்கம் வேண்டியிருக்குமே! தொண்டைக் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது.

"தெரியாது அர்பாப்! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் போலீஸும் இல்ல, ஜீப்பு ஓட்டினவன். பாப்பா பெட்டிக்குள்ள கையை விட்டிருச்சு அர்பாப்!"

அர்பாப் திட்டவில்லை. துப்பாக்கி அன்றே வீட்டு இரும்புப் பெட்டிக்குள் போனது. அம்மையப்பனுக்கு வேலை மிஞ்சியது. மைத்தா மட்டும் மறுநாளிலிருந்து அம்மாவின் காரில் போனாள். அது அவருக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை ரூமுக்கு வந்தவர், யாரும் கேட்காமலே வெங்காயம் உரித்தார். "ஏத்தக் கூடாதுடா, லுக்மானு. நீ சொன்னதுதான் சரி" என்றார்.

லுக்மான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இல்லை. அவர் முகம் விழுந்துவிட்டது. சண்டை போட ஆளில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையை எப்படி ஓட்டுவது? கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"அதெப்படிண்ணே? நானும் வாரமெல்லாம் யோசிச்சேன். ஏத்தி வைக்கிறதுதான் சரி. நீங்க எங்கேயோ பயந்துட்டீங்க."

"புள்ள கைய வச்சிருச்சுடா!"

"புள்ளைக்கு எட்டாம வைக்கணும்ணே. அதுக்கு ஒரு முறை இருக்கு, சொல்றேன் கேளுங்க" என்று லுக்மான் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ரோலா ரூம்காரர்களுக்கு வேறு வேலை இல்லைதான். ஆனால் படித்துக்கொண்டே வந்தீர்களே, பாதியிலேயே ஏற்றலாம் என்றோ ஏற்றக் கூடாது என்றோ மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்களே, எங்கே, உங்கள் துப்பாக்கியைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம்.