திரும்பி நின்ற தலைமைக் குழு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் சொல்லப்போகும் காட்டில் சிங்கம் ஓய்வு பெற்றுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு தலைமைக் குழு இருந்தது. சிங்கமாவது பசித்தால்தான் வேட்டைக்குக் கிளம்பும். தலைமைக் குழு பசிக்காவிட்டாலும் கூட்டம் போடும்.

அந்தக் குழு நடத்திய அமைப்பின் பெயர் 'வன சமூக மேம்பாடு மற்றும் வறுமைக் குறைப்பு முகமை'. பெயர்ப்பலகை ஒரு மரத்தில் அடங்காமல் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். தலைவர் கரடி. திட்ட இயக்குநர் நரி. விளம்பரப் பிரிவுக்கு மயில். கண்காணிப்புக்கு ஆந்தை. ஆந்தை பகலெல்லாம் தூங்கும், முகமையின் வேலையெல்லாம் பகலில்தான் நடக்கும், ஆகவே கண்காணிப்பில் இதுவரை ஒரு குறையும் தென்பட்டதில்லை. இவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் பெயர் இருந்திருக்கும். பதவி வந்த பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாததால் அவர்களுக்கே மறந்துபோயிற்று.

பனிக்காலத்தில் கடல் தாண்டி வலசை வரும் பூநாரை அம்மாதான் முகமைக்குப் படியளப்பவர். ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அந்த அம்மா திரும்பிப் போகும்வரை முகமையில் யாரும் சத்தமாக ஏப்பம்கூட விடமாட்டார்கள்.

அந்தக் கோடையில் கிழக்குச் சரிவில் தீப்பிடித்தது. புல், விதை, பூச்சி எல்லாம் போயிற்று. மழையும் தள்ளிப்போனது. அங்கே அங்கம்மா என்று ஒரு கௌதாரி இருந்தாள். தீயில் கணவனைப் பறிகொடுத்தவள். நான்கு குஞ்சுகள். மேற்கே போகலாம் என்றால் கீரிக் கூட்டம். மற்ற மூன்றும் எப்படியோ கத்திக்கொண்டாவது இருந்தன. கடைக்குட்டி கத்துவதையும் நிறுத்திவிட்டது. இறக்கையைக் கீழே விட்டுக்கொண்டு தாயின் நிழலில் படுத்தே கிடந்தது. அங்கம்மாவுக்கு அதன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

அப்போதுதான் முகமை வந்தது. முன்னால் மயில் தோகையை விரித்துக்கொண்டு வர, பின்னால் நரி ஒரு மூட்டையைச் சுமந்து வந்தது. மூட்டையின் ஓட்டை வழியாக ஒரு சோளம் உருண்டு விழுந்தது. சரிவில் இருந்த அத்தனை தலைகளும் அந்தச் சோளத்தோடு சேர்ந்து உருண்டன.

"ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த மூட்டைய இறக்கி வச்சுட்டுப் போங்க, புண்ணியமாப் போகும். என் கடைக்குட்டி கண்ணே தொறக்க மாட்டேங்குது" என்றாள் அங்கம்மா.

கரடி வருத்தத்தோடு தலையை ஆட்டியது. "அம்மா, நாங்க கொடுக்கிறவங்க இல்ல. திறன் வளர்க்கிறவங்க. சும்மா கொடுத்தா உங்களுக்கு எங்களைச் சார்ந்தே இருக்கிற மனப்பான்மை வந்துடும்."

"அப்ப அந்தச் சோளம் எதுக்குங்க?"

"அது உதவி இல்லம்மா, கருவி" என்றது நரி.

பிறகு விளக்கியது. தரையில் கலர்ப்பொடியால் ஊரின் படம் போடுவார்கள். பக்கத்தில் கட்டங்கள் வரைவார்கள். பசி ஒரு கட்டம், தண்ணீர் ஒரு கட்டம், நோய் ஒன்று, கீரி ஒன்று. ஆளுக்கொரு பிடி சோளம். எந்தப் பிரச்சினை பெரிதோ அந்தக் கட்டத்தில் நிறைய வைக்க வேண்டும். எதில் அதிகம் சோளம் இருக்கிறதோ அதுதான் மக்களின் குரல்.

"நாங்க பார்த்துக்கிட்டு நின்னா உங்களுக்குக் கூச்சமா இருக்கும். மக்கள் சுதந்திரமா முடிவெடுக்கணும். அதனால நீங்க சோளம் வைக்கிற வரைக்கும் தலைமைக் குழு திரும்பி நிக்கும். அதுதான் எங்க அணுகுமுறை" என்று கரடி பெருமையாகச் சொன்னது.

சொன்னபடியே வரிசையாகத் திரும்பி நின்றார்கள். இந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கரடி கொண்டுவந்திருந்த தேனடையைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். ஆந்தை நின்றபடியே தூங்கியது.

இந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கம்மா நியாயமானவள். பசிக் கட்டத்தில் நான்கு சோளம் வைக்கத்தான் வைத்தாள். கடைக்குட்டி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. கழுத்தை நீட்டி, பசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. அதற்குள் பக்கத்து வளை முயல் மாரப்பன் தண்ணீர்ப் பிரச்சினையைத் தின்று முடித்துவிட்டு நோய்க்குப் போயிருந்தான். கீரியை மூன்று அணில்கள் பங்குபோட்டுக்கொண்டன.

தலைமைக் குழு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியது. கட்டங்களில் ஒரு சோளம்கூட இல்லை.

நரி குனிந்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு கரடியின் கண்கள் கலங்கின.

"ஒரு பிரச்சினைகூட இல்லையா!" என்றது தழுதழுத்த குரலில். "நாம பெயர்ப்பலகை வச்சு ரெண்டு வருஷம்தானே ஆகுது. இவ்வளவு சீக்கிரமாவா?"

மயில் உடனே படம் எடுத்துக்கொண்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். கடைக்குட்டி எழுந்து நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, ஆனாலும் நின்றது. அடுத்த நொடி அவள் மூட்டையின் பின்னால் ஓடினாள்.

"ஐயா! ஐயா! நாங்க படிக்காதவங்க. அவசரத்துல சரியா யோசிக்கலை. நாளைக்கு வந்து இன்னொரு தடவ கேளுங்க."

நரி நெகிழ்ந்துபோயிற்று. ஆய்வு என்றாலே புதருக்குள் ஒளிகிற ஜனங்களைத்தான் அது பார்த்திருந்தது. தானாக வந்து ஆய்வு கேட்டவர் இதுவரை யாருமில்லை. ஆந்தை ஒரு கண்ணைத் திறந்து, "மறு ஆய்வு நம்பகத்தன்மைக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். பெண்களிடம் தனியாகக் கேட்டார்கள், குஞ்சுகளிடம் தனியாகக் கேட்டார்கள், வளையில் வசிப்பவர்கள் மரத்தில் வசிப்பவர்கள் என்று பிரித்துக் கேட்டார்கள். அங்கம்மா சளைக்கவில்லை. "ஐயா, வாலு உள்ளவங்ககிட்ட ஒரு தரம் கேட்டுட்டீங்க. வாலு கம்மியா இருக்கறவங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். நரி மெய்சிலிர்த்துப்போய் இன்னொரு மூட்டை கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் குழு திரும்பி நிற்கும், ஒவ்வொரு முறையும் பிரச்சினைகள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கும். கடைக்குட்டி இப்போது நடந்தது.

மாரப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. முயல்களுக்கு நேர்மை கொஞ்சம் அதிகம், பயந்தவர்களுக்கு அது வரும்.

"அங்கம்மாக்கா, இது சரியில்ல. தெனம் ஒரு பிடிக்கு அல்லாடுறோம். உண்மையச் சொன்னா முழுசாவே உதவி கெடைக்கும்ல? ஒரே ஒரு நாளு யாரும் திங்காம, பசி மேல அப்படியே விட்டு வைப்போம்."

அங்கம்மா யோசித்தாள். குஞ்சுகளுக்கு நிரந்தரமாக ஒரு வழி பிறந்தால் நல்லதுதானே என்று தலையாட்டினாள். மறுநாள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த சோளம் முழுவதையும் பசிக் கட்டத்தில் குவித்தார்கள். பல் இல்லாதவர்கள் அலகைக் கடித்துக்கொண்டார்கள்.

குழு திரும்பிப் பார்த்தது. குவியலைப் பார்த்தது.

"பசி உறுதியாயிடுச்சு!" என்று கரடி கத்தியது. "இதை இப்படியே விட முடியாது."

விடவில்லை. பசியைப் பற்றிச் சிந்திக்க அன்றைக்கே மொத்தக் குழுவும் மலை உச்சிக் குளிர்ப்பகுதிக்குப் பயிலரங்கம் போய்விட்டது. அங்கே பலாப்பழக் காலமாம். போவதற்கு முன் சோளக் குவியலைச் சாட்சிக்காக அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று நரி உத்தரவிட்டது. மயில் அதன் மேல் ஒரு பெரிய பலகையைப் படுக்கவைத்து, நகராமல் இருக்க யானையை விட்டுப் பாறைகளை ஏற்றியது. பலகையில் 'பசியை வெல்வோம்' என்று எழுதியிருந்தது.

சரிவுவாசிகள் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறாண்டினார்கள். கொத்தினார்கள். மாரப்பன் ஒரு பக்கமாகத் தோண்டிப் பார்த்தான், கீழே பாறை. நாளுக்கு நாள் வெயில் ஏறியது. கடைக்குட்டி மறுபடியும் இறக்கையைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது.

"என் வாயி சும்மா இருந்திருக்கலாம்கா" என்று மாரப்பன் அழுதான்.

அங்கம்மா அவனைத் திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லை. மலையேறிப் போனாள். பயிலரங்கத்தில் பசியின் மூல காரணங்களை மூன்று அமர்வுகளாகப் பிரித்திருந்தார்கள். அவள் போனபோது நடுவே பலாச்சுளை இடைவேளை.

"ஐயா, ஒரு நல்ல சேதி" என்றாள். "நீங்க இங்க பேசப் பேச அங்க பசி போயிருச்சுங்க. சுத்தமாப் போயிருச்சு. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே வந்து கேட்டுப் பாருங்க."

பசி என்றபோது மலையேறியவர்கள், பசி போயிற்று என்றதும் மலையிறங்கி ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு மூட்டைச் சோளத்தோடு. வெற்றியைச் சரிபார்க்க வேண்டுமே! கட்டம் போட்டார்கள், சோளம் கொடுத்தார்கள், திரும்பி நின்றார்கள். அங்கம்மா முதல் சோளத்தைக் கடைக்குட்டியின் வாயில் தன் அலகாலேயே ஊட்டினாள். அன்றோடு உண்மை பேசும் பழக்கத்தைக் கிழக்குச் சரிவு கைவிட்டது.

பனிக்காலம் வந்தது. பூநாரை அம்மா வந்தார். கரடி சரிவைச் சுற்றிக் காட்டியது. கொழுத்த அணில்கள், பளபளக்கும் மாரப்பன், புழுதியில் குட்டிக்கரணம் போடும் கடைக்குட்டி. மயில், 'வறுமை ஒழிந்தது' என்று தோகையிலேயே எழுதிக்கொண்டு ஆடியது. பூநாரை அம்மா காலை மாற்றி நின்றார்.

"அற்புதம். இங்கே வறுமையே இல்லை. அப்படியானால் இங்கே உங்களுக்கும் வேலை இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து வேறு காட்டைப் பார்க்கிறேன்."

மயில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியது. ஆந்தை முதல் முறையாகப் பகலில் இரண்டு கண்ணையும் திறந்தது.

"முழுசா ஒழிஞ்சதுன்னு சொல்ல முடியாதும்மா" என்று கரடி திணறியது. "கொஞ்சம் இருக்கும். தேடிப் பார்க்கிறோம்."

பிறகு அங்கம்மாவைப் புதர் மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று.

"அம்மா, உங்களுக்காக எவ்வளவோ செஞ்சிருக்கோம். ஒரு சின்ன உதவி. அந்த அம்மா போற வரைக்கும் கொஞ்சம் பசியோட இருக்க முடியுமா? நீங்க வேண்டாம். அந்தக் கடைக்குட்டி போதும். அதுக்குத்தான் முகம் பொருத்தமா இருக்கு."

அங்கம்மா கரடியை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபத்துக்கு அவள் உடம்பு போதாது.

"அது அந்தத் தொழிலை விட்டுருச்சுங்க ஐயா" என்றாள்.

பூநாரை அம்மா பறந்து போனார். பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். அந்த வாரமே, கேலி செய்வது போல, தள்ளிப்போன மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெள்ளம் பாறைகளை உருட்டி, 'பசியை வெல்வோம்' பலகையை அடித்துக்கொண்டு போயிற்று. அதன் அடியில் கிடந்த குவியலில் வெள்ளத்துக்குத் தப்பியது, படிந்த வண்டலில் முளைத்தது. பசிக் கட்டம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சோளம் நின்றது. கதிர் முற்றியதும் சரிவு முழுக்க உட்கார்ந்து தின்றது.

தலைமைக் குழு அந்தப் பக்கம் வந்தது அப்போதுதான். கரடிக்கு மரம் ஏறித் தேன் எடுப்பது மறந்துபோயிருந்தது, இத்தனை நாளும் தேனடை அலுவலகத்துக்கே வந்துகொண்டிருந்ததே. நரிக்கு விலா எலும்பு தெரிந்தது. மயிலின் தோகையில் பாதியைக் காணவில்லை. ஆந்தை விழித்திருந்தது, பசியில் தூக்கம் எங்கே வரும்? நால்வரும் சோளக்கொல்லை ஓரத்தில் நின்றுகொண்டு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கறாங்களான்னு பாருக்கா, எவ்வளவு கொழுப்பு" என்றான் மாரப்பன். "வெரட்டி விடவா?"

கேட்க முடியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அங்கம்மாவுக்குத் தெரியும். காலால் தரையைச் சீய்த்து நான்கு கட்டம் போட்டாள். கதிரை உதறி நடுவே சோளத்தைக் கொட்டினாள்.

"ஐயா, நாங்க ஒரு ஆய்வு பண்றோம். உங்களுக்கு என்ன பிரச்சினையோ அதுல சோளத்த வைங்க. நாங்க பார்த்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள். மாரப்பனையும் பிடித்துத் திருப்பினாள். கடைக்குட்டி எட்டிப் பார்க்கப் போனது, அதன் தலையை இறக்கைக்குள் அமுக்கிக்கொண்டாள்.

பின்னால் முதலில் சத்தமே இல்லை. பிறகு மெல்லும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது. நடுவே கரடியின் குரல், வாய் நிறையச் சோளத்தோடு: "முறையெல்லாம் சரிதான். ஆனா இவங்க கட்டம் போட்ட விதம் அவ்வளவு தரமா இல்ல."

சத்தம் நின்றதும் அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். கட்டங்கள் துடைத்துவிட்டது போல இருந்தன.

"என்னக்கா முடிவு?" என்றான் மாரப்பன்.

"பிரச்சினை ஒன்னும் இல்லையாம்" என்றாள் அங்கம்மா. "எதுக்கும் நாளைக்கு இன்னொரு தடவ கேட்டுருவோம்."

நீதி: ஏழைகளுக்கு எதையும் கொடுத்துவிடாதீர்கள். கருத்துக் கேளுங்கள், தின்னக்கூடிய எதையாவது வைத்து. பிறகு மறக்காமல் திரும்பி நில்லுங்கள்.