மைலேஜ் அண்ணன் பிடித்த வண்டி

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாமல், மதுரையில் ஓடிய அத்தனை வண்டிகளின் பசியையும் தெரிந்துவைத்திருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கோரிப்பாளையத்தில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் அதை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மைலேஜ் அண்ணன்.

ஒரு நூல் மில்லில் கிளார்க்காக இருந்தார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேலை கிடைத்துக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து அவருக்கு அடுத்த அறையில் குடியேறியிருந்தேன். முதல் நாள் என்னிடம் ஊரைக் கேட்கவில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். அது குடிகார வண்டியாயிற்றே என்று மனதார வருத்தப்பட்டார்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை அழைப்புக் காரை வழிமறித்து, மாப்பிள்ளை இறங்குவதற்குள் டிரைவரிடம், "லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்குது?" என்பார். கோயில் யானை தெருவில் வந்தால்கூட, ஒரு கட்டு சோளத்தட்டைக்கு எத்தனை மைல் நடக்கும் என்று பாகனிடம் விசாரித்தவர் அவர். பாகன் பதில் சொல்லவில்லை. யானைதான் தும்பிக்கையால் அவர் தலையைத் தடவிவிட்டுப் போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், அவருடைய அக்காவின் கணவர் ஹூப்ளியில் இறந்துபோனார். ரயில்வேயில் இருந்தவர். பிள்ளைகள் கிடையாது. உலகத்தில் மைலேஜ் அண்ணனுக்கென்று இருந்த ஒரே ஆள் அந்த அக்காதான். காரியம் முடிந்து அவர் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து, "என்னைய வந்து கூட்டிட்டுப் போயிர்றா தம்பி" என்று சொல்லியிருக்கிறாள். ஊர் திரும்பியதும் அவர் அவனியாபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டார். அக்கா வந்த பிறகு லாட்ஜைக் காலி செய்வதாக ஏற்பாடு.

அக்காவை ரயிலில் கூட்டி வரலாமே என்று நான் கேட்டேன். அக்காவின் சாமான்களை ரயில்வே பார்சலில் போட்டால் ஒன்றும் உருப்படியாக வந்து சேராது என்றார். கட்டில், பீரோ, ஆட்டுக்கல், தையல் மிஷின், எல்லாவற்றோடும் அக்காவை ஒரு பிக்கப் வேனில் ஏற்றி வருவதுதான் மரியாதை. வண்டிக்காரருக்கு வாடகை, டீசல் நம் தலையில். அவ்வளவு தூரம் போகிற வண்டி குடிகார வண்டியாக இருக்கலாமா? பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் வந்தது பெட்ரோலில் ஓடும் ஜீப் பிக்கப். அதன் டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் டிரைவர் தலைக்குமேல் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, அதில் சரியாக ஒரு லிட்டர் ஊற்றினார். அது தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் மைலேஜ். பாரம் இல்லாமல் பார்த்தால் கணக்குத் தப்பும் என்று லாட்ஜ் மேனேஜரையும் என்னையும் பின்னால் ஏற்றினார். மேனேஜர் கனத்த உடம்பு. அவரை பீரோ என்று வைத்துக்கொண்டார். நான் ஒல்லி, தையல் மிஷின்.

வண்டி அலங்காநல்லூர்ப் பக்கம் போனது. பொங்கல் சமயம். வழியில் ஒரு கிராமத்துக்குள் சரியாக நுழையும் இடத்தில், நெற்றியில் பட்டமும் கழுத்தில் மணியுமாக ஒரு காளையை நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தபோது, பாட்டில் காலியானது. இறங்கித் தள்ளுங்கள் என்றார் டிரைவர். நானும் மேனேஜரும் குனிந்து தள்ளினோம். பின்னால் காளை மூச்சுவிடுவது முதுகில் சுட்டது. அடுத்த நிமிஷம் திரும்பிப் பார்க்கிறேன், பீரோ வண்டிக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. மைலேஜ் அண்ணன் இது எதையும் கவனிக்கவில்லை. மைல்கல்லைத் தேடி முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "சரியில்ல மாப்ள. ஏழுகூட வரல" என்றார்.

அடுத்தது டீசல் வண்டி. அதில் பாட்டில் வித்தை செல்லாது, டீசல் வற்றினால் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். ஆகவே டேங்க் தளும்பத் தளும்ப நிரப்பி, ஓடிவிட்டு வந்து மறுபடி தளும்ப நிரப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே குமிழி நின்றால் கணக்குக் கெடும் என்று பெட்ரோல் பங்கில் எங்களை இரண்டு பக்கமும் நிறுத்தி வண்டியை ஆட்டச் சொன்னார். ஆட்டினோம். பங்கில் கூட்டம் கூடிவிட்டது. வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எம் புள்ள தொட்டிலக்கூட நான் இம்புட்டு ஆட்டுனதில்லண்ணே" என்று சொல்லிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இப்படியே வண்டி மேல் வண்டி. ஒன்றில் டயர் தேய்ந்திருந்தது. ஒன்றில் டிரைவருக்கு வலது கால் கனம் என்றார், செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னதில் சண்டை வந்தது. ஒன்று நன்றாகத்தான் கொடுத்தது, ஆனால் எதிர்க்காற்றில் என்ன கொடுக்கும் என்று பார்க்கக் காற்றுக்காலம்வரை காத்திருக்கலாம் என்றார். சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் வண்டி பிடித்து வந்ததில், வாடகைக்கு ஒரு தள்ளுவண்டிகூட இல்லாமல் போனது. அதற்கும் அவர் கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனியாபுரத்துக்குப் போய், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பெருக்கித் துடைத்து, மறுபடி பூட்டிவிட்டு வருவார். ஜன்னலுக்குப் பச்சைத் துணி வாங்கியிருப்பதாகவும், அக்காவுக்குப் பச்சை பிடிக்கும் என்றும் ஒரு தடவை சொன்னார்.

வைகாசியில் காதர் பாய் அகப்பட்டார். எங்கள் தெருக்காரர்தான். ஒடிசலான ஆள். தலையில் பால்குடம் சுமப்பவர்போல் வண்டி ஓட்டுவார். அவர் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்தது. மைலேஜ் அண்ணன் அன்று லாட்ஜில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அறையைக் காலி செய்து பெட்டியை அவனியாபுரத்தில் வைத்தார். சாமான் ஏற்ற இறக்க ஆள் வேண்டும் என்று என்னையும் லீவு போடச் சொன்னார்.

போகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே உற்சாகம். தொப்பூர் மலையில் ஏறும்போதே, திரும்பி வரும்போது இந்த இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே போகலாம் என்று யோசனை சொன்னார். பாய் மறுத்துவிட்டார்.

"டீசல் மிச்சமாகும்ணே. நாம மிச்சமாக மாட்டோம்."

மறுநாள் மதியம் ஹூப்ளி போய்ச் சேர்ந்தோம். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். உள்ளே அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பெண்கள் துணி வெட்டிக்கொண்டும் பட்டன் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். கன்னடமும் தமிழுமாக ஒரே பேச்சு. தம்பியைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் மூன்று பேருக்கும் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், பெண்களை அனுப்பிவிட்டு இலை போட்டுப் பரிமாறினாள். வீட்டில் ஒரு சாமானும் கட்டி வைக்கப்படவில்லை என்பதை நானும் பாயும் பார்த்துவிட்டோம். அவர் மட்டும் பார்க்கவில்லை. பீரோவை முதலில் ஏற்றுவதா கட்டிலையா என்று சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

அக்கா மோர் ஊற்றும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் வரலடா தம்பி" என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

"நெசமாத்தான் சொல்றேன். அவரு செத்த புதுசுல எங்கிட்டுப் போறதுன்னே தெரியல. தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கி நீ ஒரு மாட்டுவண்டியோட வந்திருந்தாலும் ஏறி உக்காந்திருப்பேன்டா. நீ வண்டி பாத்துக்கிட்டு இருந்த."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் இலையில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் முதலில் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தாளாம். பிறகு அவள் தங்கை, அப்புறம் தெருவே வந்துவிட்டது. மதுரைக்கு வந்தால் தம்பி காலையில் மில்லுக்குப் போன பிறகு தான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இங்கே கதவைத் திறந்தால் நாலு முகம் இருக்கிறது என்றாள். வேண்டுமானால் நீ இங்கே வந்துவிடு என்றும் சொன்னாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். மில் இருந்தது, வயது இருந்தது, புதுப் பாஷை இருந்தது.

கிளம்பும்போது அக்கா ஒரு தூக்கு நிறையப் புளியோதரை கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

காலியான பின்பக்கம் மேட்டிலும் பள்ளத்திலும் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. மைலேஜ் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு பங்கில் டீசல் போட்டபோது இறங்கவில்லை. காதர் பாய்க்கு மனசு கேட்கவில்லை. எப்படியாவது பேச வைத்துவிடலாம் என்று, "இப்ப லிட்டருக்கு என்னண்ணே வருது?" என்று கேட்டார்.

"பாக்கல பாய்" என்றார் அவர்.

மதுரை வந்து சேர்ந்தோம்.

அவனியாபுரத்தில் அவரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. வீட்டைத் திறந்தார். ஜன்னலில் பச்சைத் துணி. புது ஸ்டவ், புதுப் பாத்திரம், ஒரு மூலையில் இரண்டு கோரைப்பாய், இரண்டு தலையணை. காதர் பாய் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். மைலேஜ் அண்ணன் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போயேன் மாப்ள" என்றார்.

நான் காதர் பாயைப் போகச் சொல்லிவிட்டேன்.

இருபது வருஷமாக மெஸ்ஸில் சாப்பிட்டவர் அவர். எனக்கு வெந்நீர் போடத் தெரியும். அவர் அரிசி களைந்தார், நான் தண்ணீர் ஊற்றினேன். எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வந்தது சோறும் இல்லை, கஞ்சியும் இல்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு என்னோடு பஸ் ஸ்டாப்வரை வந்தார். பஸ் வந்தது. அடுத்ததில் போகிறேன் என்றேன். அடுத்ததும் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அந்த வாரமே என் பெட்டியையும் அங்கே கொண்டுபோய்விட்டேன். என் கல்யாணம்வரை அவரோடுதான் இருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை ரயிலேறி அக்காவைப் பார்த்துவிட்டு வருவார், அவள் தைத்துக் கொடுத்த சட்டையோடு வருவார். சமையல் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் என்றைக்காவது சோறு குழைந்துவிட்டால் என் மனைவி முகம் சுளிப்பாள். நான் இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்வேன்.