மொட்டைச் சிப்ஸின் எதிரி

“கை வைக்காதீங்க, இன்னும் ஆகலை” என்கிற மனிதரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. சில வீடுகளில் ஒன்று, சில வீடுகளில் இரண்டு. ஆனால் நன்றாக முற்றிய, பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் பிப்ரவரி மாதம், பனி முழங்கால் வரை குவிந்து கிடக்கும்போது, சீஸுக்குப் பேர்போன விஸ்கான்சின் மாநிலத்தில் ஷெபாய்கன் ஊருக்குப் போங்கள். அமெரிக்க ஃபுட்பால் இறுதியாட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். வெண்டல் பிராவரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். போவதற்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுங்கள்.

வெண்டல் கெட்டவர் இல்லை. குடிநீர்த் துறையில் மேற்பார்வையாளர். அலுவலகத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அக்கம்பக்கத்தில் யாருடைய வாசலில் பனி குவிந்தாலும் இவர்தான் சொல்லாமலே போய் வாரிவிட்டு வருவார். அப்படிப்பட்ட தங்கமான மனிதர், வருஷத்தில் ஒரு நாள், இடுப்பில் ஏப்ரனைக் கட்டியதும் வேறு ஆளாகிவிடுகிறார். அன்றைக்கு அவர் நாச்சோஸ் செய்கிறார்.

மற்றவர்களுக்கு நாச்சோஸ் என்றால் என்ன? ட்ரேயில் சோளச் சிப்ஸைக் கொட்டி, மேலே வதக்கிய மாட்டுக் கொத்துக்கறியைத் தூவி, சீஸைப் போட்டு, ஓவனில் தள்ளி, சீஸ் குமிழி விட்டதும் எடுத்து நடுவில் வைத்தால் ஆயிற்று. குழந்தைகள்கூடச் செய்யும். வெண்டலுக்கு அப்படி இல்லை. அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி. அதன் பெயர் மொட்டைச் சிப்ஸ். கறியும் படாமல், சீஸும் படாமல், ட்ரேயின் அடியில் நிராதரவாகக் கிடக்கும் அந்த ஒற்றைச் சிப்ஸ் ஒரு விருந்தாளியின் கைக்குப் போய்விட்டால் தன் குடும்ப மானமே போய்விட்டதாக அவர் நினைக்கிறார்.

அதனால் என்ன செய்கிறார்? சிப்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். உடைந்தது தள்ளுபடி, தட்டையானது தள்ளுபடி, கிண்ணம் போல லேசாகக் குழிந்தது மட்டும் தேர்வு. அதைக் குழி மேலே பார்க்கிறபடி, தோளோடு தோள் உரச அடுக்குகிறார். சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டு வதக்கிய கறியை வடிகட்டியில் போட்டு, கொழுப்பு சொட்டுச் சொட்டாக வடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். காரணம், ஈரம் பட்டால் சிப்ஸ் நமத்துப்போகும். சீஸைக் கட்டியாக வாங்கித் தன் கையாலேயே துருவுகிறார். துருவி பாக்கெட்டில் அடைத்து விற்கிற சீஸ் அந்த வீட்டு வாசற்படி ஏற முடியாது. ஒரு அடுக்கு சிப்ஸ், ஒரு அடுக்கு சீஸ், கறி, பீன்ஸ், மறுபடி சீஸ், மறுபடி சிப்ஸ். கடைசியாக மேலே வைக்கிற ஊறுகாய் மிளகாய் வட்டங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஒற்றி எடுத்து, எந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் இடுக்கியால் வைக்கிறார். ஆமாம், இடுக்கிதான்.

இவ்வளவும் நடந்து முடிவதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருக்கும்.

இதற்குள் விருந்தாளிகள் என்ன ஆவார்கள் என்று கேட்கிறீர்களா? அந்த ஊரில் யாரும் இன்னொருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. ஒரு கிண்ணம் சாலட்டாவது, ஒரு டப்பா குக்கியாவது கையில் இருக்க வேண்டும். வெண்டலோ, “ஒண்ணும் கொண்டு வராதீங்க, பசியோட மட்டும் வாங்க” என்று எல்லோரிடமும் சொல்லிவைக்கிறார். எனவே வருகிறவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்து நிற்கிறார்கள். பசியோடு வருகிறார்களா என்றால், அதுதான் இல்லை. பழகிவிட்டது. பக்கத்து வீட்டு கஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கிளம்புவதற்கு முன்னால் ஒரு முழு பர்கரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். தபால் அலுவலகத்து விவியன் கோட்டுப் பையில் முந்திரி வைத்திருப்பாள். பாத்ரூமுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அவள் வாய் லேசாக அசையும்.

ஆனால் போன வருஷம் ஒரு சங்கடம் நடந்தது. எல்லோரும் விடைபெற்று, விடைபெற்றும் போகாமல், அந்த ஊர் வழக்கப்படி வாசலில் கோட்டோடு நின்று இன்னும் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, வெண்டலின் மச்சினன் லைல் மெதுவாகச் சொன்னான்.

“அத்தான், அடுத்த வருஷம் வேணும்னா எங்க வீட்டுல வெச்சுக்கலாமே. உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்.”

யாரும் மறுக்கவில்லை. வெண்டல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் பனியைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் மனைவி நோரீன்தான், “இன்னும் ஒரு வருஷம் இங்கயே வெச்சுப் பாப்போம்டா” என்றாள். வெச்சுப் பாப்போம். அந்த வார்த்தை வெண்டலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்த ஒரு நாளும் கைவிட்டுப் போனால் தன் வீட்டுக்கு யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று நினைத்து அந்த மனிதர் உண்மையாகவே பயந்தார். அதை யாரிடம் சொல்வது? சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் அவர் ஏன் நாச்சோஸ் செய்கிறார்?

ஆக, இந்த வருஷம் அவர் இன்னும் கவனமாக இருந்தார். அதாவது, இன்னும் தாமதமாக.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. லைல் வந்தான். வெறுங்கையோடு இல்லை. இரண்டு கையாலும் ஒரு ஸ்லோ குக்கரை, அதாவது சாப்பாட்டைச் சூடாகவே வைத்திருக்கும் மின்சாரப் பானையை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். சமையலறை வாசலில் வெண்டல் மறித்தார்.

“என்ன மச்சான் அது?”

“ஒண்ணுமில்ல அத்தான். சும்மா. டின் சீஸ் சாஸ், அதுல கொஞ்சம் கறி.”

“டின் சீஸா?”

“ஆமா.”

“விஸ்கான்சின்ல பொறந்துட்டு?”

“பொறந்தது மில்வாக்கி ஆஸ்பத்திரியில அத்தான், சீஸ் ஃபேக்டரியில இல்ல.”

வெண்டல் அதை வீட்டுக்குள் வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார். இடம் இருந்தது. லைல் அதைக் கராஜுக்குக் கொண்டுபோய், பீர் இருக்கிற பழைய பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ப்ளக்கைச் செருகி, மூடியைத் திறந்துவைத்தான். கூடவே ஒரு பெரிய பை சிப்ஸும், தீர்ந்தால் ஊற்ற இன்னொரு டின் சீஸும். கராஜில் ஒரு ஹீட்டரும், ஓரமாக ஒரு சின்ன டிவியும் உண்டு.

முதலில் கஸ் பீர் எடுக்கப் போனார். திரும்பி வரவில்லை. அவரைத் தேடி விவியன் போனாள். அவளும் வரவில்லை. இப்படி ஒவ்வொருவராக, நோரீன்கூட, குறைந்துகொண்டே வந்ததை வெண்டல் கவனிக்கவில்லை. அவர் இடுக்கியோடு இருந்தார். “இன்னும் ஒரே ஒரு நிமிஷம்” என்று ஹாலைப் பார்த்து அவ்வப்போது குரல் கொடுத்தார். ஹாலில் யாரும் இல்லாததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஓவனைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகு என்றால் அழகு. சீஸ் பொன்னிறமாக உருகி ஓரங்களில் மொறுமொறுத்து நின்றது. கறி பளபளத்தது. எடுத்ததும் மேலே வெள்ளைவெளேரென்று புளித்த கிரீமும், பச்சை அவகாடோ மசியலும், மிளகாய் வட்டங்களும் வைத்தார். இரண்டு கையிலும் கையுறை மாட்டி, ட்ரேயை ஏந்திக்கொண்டு, “ஆயிடுச்சு” என்று சொல்லியபடி ஹாலுக்குள் நுழைந்தார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபா காலியாக இருந்தது. கராஜ் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. கோபம் வரவில்லை. ட்ரே சூடாக இருந்தது, கனமாகவும் இருந்தது. அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஆளில்லாத மேஜையில் வைக்க மனம் வராமல் முழங்கையால் கராஜ் கதவைத் தள்ளினார்.

சிரிப்பு நின்றது. கஸ்ஸின் கை ஸ்லோ குக்கருக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. விவியன் மீசையில்லாத முகத்தில் சீஸ் மீசையோடு திரும்பிப் பார்த்தாள். யாரோ சட்டென்று டின்னை உதைத்து மேஜைக்கு அடியில் தள்ளினார்கள்.

“அடடா, அடடா,” என்றார் கஸ். “என்ன அழகு வெண்டல்.”

“கலைக்கவே மனசு வரலைங்க,” என்றாள் விவியன்.

ட்ரேயை வேலைமேஜையில் வைத்துவிட்டு வெண்டல் ஒதுங்கி நின்றார். “எடுத்துக்கங்க.”

யாரும் எடுக்கவில்லை. ஒரு தட்டில் முதல் ஆளாகக் கை வைப்பது அந்த ஊரில் அநாகரிகம். கடைசித் துண்டை எடுப்பது அதைவிட அநாகரிகம். ஸ்லோ குக்கரில் அந்தத் தொல்லை இல்லை. ஆட்டத்தைப் பார்க்கிற சாக்கில் கை தானாகப் போய்வரும், முதல் ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ட்ரேக்கு முன்னாலோ எல்லோரும் கும்பிடப் போகிறவர்கள் மாதிரி கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார்கள். “நீங்க எடுங்க கஸ்.” “இல்லல்ல, நீ எடு விவியன்.” “லைல் எடுக்கட்டும்.” “ஐயோ, எனக்கு அப்புறம் போதும்.” சீஸ் கண்ணெதிரே இறுகிக்கொண்டு வந்தது.

நோரீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க எடுத்தாத்தான் அவங்க எடுப்பாங்க.”

“நான் எதுக்கு? அவங்க சாப்பிடுறதைப் பாத்தாப் போதும் எனக்கு.”

“அதுதாங்க வினையே. வருஷா வருஷம் பக்கத்துல நின்னு எங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிங்க முழுங்குறது? இத்தனை வருஷத்துல நீங்க பண்ணினதை நீங்க ஒரு தடவையாவது சூடா சாப்பிட்டிருக்கீங்களா?”

வெண்டல் யோசித்தார். இல்லை. ஒரு தடவைகூட இல்லை. எல்லோரும் போன பிறகு ட்ரேயைக் கழுவும்போது ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டிச் சாப்பிட்டதுதான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டுக்காரன் கை வைக்காமல் விருந்தாளி கை வைக்கமாட்டான் என்பது தெரிந்தவர், தன் வீட்டில் மட்டும் அதை மறந்திருந்தார்.

கையுறையைக் கழற்றினார். எல்லோரும் பார்க்க, ட்ரேயின் நட்டநடுவில், கிரீம் மலைக்குக் கீழே விரலை விட்டு ஒரு சிப்ஸை உருவினார். வெளியே எடுத்தார்.

மொட்டை.

கறி இல்லை. சீஸ் இல்லை. ஒரு பீன்ஸ்கூட இல்லை. கடையிலிருந்து வந்தபடியே, பளிச்சென்று, அவர் இரண்டு விரலுக்கு நடுவில் அது நின்றது. டிவியில் யாரோ டச்டவுன் அடித்ததைக்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

லைல் ஸ்லோ குக்கரை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினான்.

“இதுல தொட்டுக்கங்க அத்தான்.”

வெண்டல் சிப்ஸைப் பார்த்தார். டின் சீஸைப் பார்த்தார். தொட்டார். வாயில் போட்டார். மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படியிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பரவால்ல,” என்றார்.

அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. லைல் காது வரை சிவந்துபோனான். கஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு ட்ரேயில் கை வைத்தார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? பர்கரும் முந்திரியும் போன இடம் தெரியவில்லை. ட்ரே குறையக் குறையச் சத்தம் கூடியது. வெண்டல் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, முழங்காலில் தட்டை வைத்துக்கொண்டு, தன் நாச்சோஸைச் சூடாகச் சாப்பிட்டார். கண் கொஞ்சம் கலங்கியது. மிளகாய் என்றார். கடைசியில் ட்ரேயில் ஒரே ஒரு சிப்ஸ் மிஞ்சியது. கஸ் அதில் பாதியை உடைத்துக்கொண்டார். விவியன் மிச்சத்தில் பாதியை. அதிலும் பாதியை லைல்.

“அடுத்த வருஷம் எங்க வெச்சுக்கலாம்?” என்று நோரீன்தான் பேச்சை எடுத்தாள்.

“இங்கதான் அக்கா,” என்றான் லைல். “கராஜ்ல.”

எல்லோரும் தலையாட்டினார்கள். வெண்டல் மட்டும் வாளியிலிருந்து எழுந்துபோய், ஹீட்டருக்குப் பக்கத்துச் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல நோரீன். இந்த இடத்துல ஒரு ஓவன் பதிச்சுட்டா, அந்த மொட்டை எப்படி வந்துச்சுன்னு பக்கத்துலயே நின்னு பாத்துடலாம்.”

நோரீன் விளக்கை அணைத்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நீங்கள் நாச்சோஸ் செய்கிறவர் இல்லைதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணிச் சட்டியின் மூடியில் கை வைத்த உங்கள் கொழுந்தனை ஏன் அப்படி முறைத்தீர்கள்? தம் போட்டது திறக்க இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று எத்தனை தடவை சொன்னீர்கள்? அவ்வளவு ஏன், இப்போதுகூட ஹாலில் யாரையாவது உட்கார வைத்துவிட்டு, சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் எட்டிப் பாருங்கள். யாராவது மெதுவாகக் கோட்டுப் பையிலிருந்து முந்திரி எடுத்து மென்றுகொண்டிருப்பார்கள்.