அப்பா படித்த கரடிக் கதை

"கரடி ஆத்தங்கரைக்குப் போச்சாம். அங்க ஒரு படகு இருந்துச்சாம். இந்த ரெண்டு பக்கம் வேணாம். கரடி தூங்கிடுச்சு, நீயும் தூங்கு. அம்மா கேட்டா முழுசா படிச்சேன்னு சொல்லணும், சரியா?"

நான்கு வயது மகள் விரலை வரிமேல் ஓட்டியபடி கணீரென்று வாசித்தாள். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, பேக்கரிக்காரர், சட்டென்று அறை வாசலை எட்டிப் பார்த்தார். நல்லவேளை, மனைவி குளியலறையில் இருந்தாள்.

குழந்தைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. "தினமும் கதை படிச்சுக் காட்டுங்க. பேச்சு வந்தா வாசிப்பும் பின்னாலயே வரும். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று பள்ளியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒருநாள் அப்பா, ஒருநாள் அம்மா என்று முறை. "ஒரு வரி விடக் கூடாது" என்பது மனைவியின் கண்டிப்பான உத்தரவு. பொழுது விடியுமுன் மாவு பிசைய எழுந்திருக்கும் மனிதருக்குப் படுக்கையைக் கண்டாலே கண் சொருகும். அவர் என்ன செய்வார், பாவம்!

இன்று மறுபடியும் நேர்காணல். ஏதாவது ஒரு புத்தகத்தைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்வார்களாம்.

அவர் அவசரமாகப் புத்தகத்தை வாங்கி முழுக் கதையையும் மூச்சுவிடாமல் படித்தார்.

"தப்பு! கரடி மீன் பிடிக்காது. அது தூங்கும்!" என்று மகள் வீறிட்டாள்.

புத்தகத்தைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டார். அவளோ வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டை எடுத்து விரித்தாள். "கரடி ஆத்தங்கரைக்குப் போச்சாம்..."

கடைசியில் அவள் காதோரம் குனிந்து கெஞ்சினார். "செல்லம், அம்மா பத்தின வரிய மட்டும் டீச்சர்கிட்ட சொல்லாத. ரெண்டு கேக் தர்றேன்."

"ஏங்க, அங்க என்ன குசுகுசுப்பு?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா, பாடம்!"

பள்ளியில் மனைவிக்குப் பக்கத்தில், சின்னஞ்சிறு நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியை வாத்துப் படம் போட்ட புத்தகத்தை நீட்டியதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கரடி இல்லை!

மகள் வாத்தின்மேல் விரலை வைத்தாள். "கரடி ஆத்தங்கரைக்குப் போச்சாம்..." ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "...அம்மா பத்தின வரிய மட்டும் டீச்சர்கிட்ட சொல்லாத. ரெண்டு கேக் தர்றேன்."

மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அடுப்பே தேவையில்லாமல் ரொட்டி வெந்திருக்கும்.

ஆசிரியை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுத்து இன்னும் தெரியல, பரவாயில்ல. வரிமேல விரல் ஓடுது, வாக்கியம் தெளிவா வருது. இவ்வளவு பேசற குழந்தை சீக்கிரமே வாசிச்சிடும். இடம் உண்டு."

பேக்கரிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவிக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. "மேடம், நான் படிக்கிற அன்னிக்கு ஒரு எழுத்தக்கூட விட்டதில்ல. இவர்தான் குழந்தையக் கெடுத்து வெச்சிருக்கார்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"டீச்சர், அம்மா கதையும் படிக்கட்டா? 'கரடி தூங்கிடுச்சு. மிச்சத்த நாளைக்கு அப்பா படிப்பாரு.'"