உரிய சேனலில் கேட்கவும்

சேனல் காவலரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், முகம் பார்க்காமல் இருக்கலாம், ஆனால் ஒருமுறையாவது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். சத்தம் போடமாட்டார். 'வரவேற்கிறோம்' என்று ஆரம்பித்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்கள் வாயைத் திறந்ததும் 'இது இங்கே பேசுவதற்கானது அல்ல' என்று பக்கத்து அறையைக் காட்டுவார். அவ்வளவு மரியாதை.

துனிசியாவில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊரில் அவர் மொந்தர் என்ற பெயரில் உலவுகிறார். பகலில் வங்கி வேலை, மற்ற நேரமெல்லாம் எங்கள் திறமூல மென்பொருள் குழுவின் அரட்டைச் சேனல்களில் காவல். நாங்கள் சம்பளமில்லாமல் எழுதித் தருகிற அந்த மென்பொருள், ஆலிவ் செக்குகளில் யார் மூட்டை எப்போது பிழியப்பட வேண்டும் என்ற முறையை வைத்துக்கொள்கிறது. பறித்த காய் மூட்டைக்குள் காத்துக் கிடந்தால் சூடேறிப் போகும். எண்ணெயை வாயில் வைக்க முடியாது. அதனால் அறுவடைக் காலத்தில் முறை தவறினால் எங்கள் ஊரில் கைகலப்புதான். மொந்தர் நிரல் எழுதுவாரா என்று கேட்கிறீர்களா? எழுதுவார். ஒருகாலத்தில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றினார். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் உண்மையான சாதனை சேனல்கள்தான். பொதுவுக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, அறிமுகத்துக்கு ஒன்று, புதினா டீ குடித்தபடி வெட்டிப்பேச்சு பேச ஒன்று, எதை எந்தச் சேனலில் கேட்பது என்று கேட்பதற்குத் தனியாக ஒன்று. கடைசியில் சொன்னதில் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதுவே எல்லாம் ஒழுங்காக இருப்பதற்குச் சாட்சி என்பார்.

போன அறுவடையின்போது புதிய பதிப்பு வெளிவர இருந்த நாள். பக்கத்து ஊரான அகாரெப்பில் ஒரு செக்கில் வேலை பார்க்கிற ஒல்ஃபா என்ற பெண் அதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் இருந்தால், ஒருவருடைய காயைப் பிழிந்ததும் மற்றவருடையதும் முடிந்துவிட்டதாக மென்பொருள் குறித்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரே பெயருக்கா பஞ்சம்? தெருவில் நின்று முகம்மது என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பதறிப்போய்ப் பொதுச் சேனலுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி, இன்றைக்கு வெளியிடாதீர்கள் என்று எழுதினாள்.

மொந்தர் உடனே வந்தார். சகோதரியை வரவேற்றுப் பிழைச் சேனலுக்கு அனுப்பினார். அங்கே போனாள். இன்னும் வெளிவராத பதிப்பில் இருப்பது பிழையாகாது, அது சோதனைச் சேனலுக்குரியது என்றார். அங்கேயும் போனாள். சோதனைச் சேனலில் எழுத முதலில் அறிமுகம் ஆகியிருக்க வேண்டுமாம். பாவம், அறிமுகச் சேனலுக்குப் போய் இப்படி எழுதினாள்:

"நான் ஒல்ஃபா. அகாரெப். தயவுசெஞ்சு இத வெளியிடாதீங்க, ஜனங்க காயெல்லாம் வீணாப் போயிடும்."

"சகோதரி, அறிமுகச் சேனல்ல அறிமுகம் மட்டும்தான்."

இதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒருவர்கூட அவள் சொன்னதைப் படிக்கவில்லை. சாயங்காலம் பதிப்பு வெளிவந்தது, வாழ்த்துகள் உரிய சேனலில் குவிந்தன.

இரண்டு நாள் கழித்து மொந்தருக்கு மாமனாரிடமிருந்து போன். ஹாஜ் பஷீர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வருஷம் பூராவும் பாடுபட்ட காயைச் செக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். இன்னொரு பஷீருடையதைப் பிழிந்ததும் இவருடையதும் முடிந்துவிட்டது என்கிறது கம்ப்யூட்டர். வேண்டுமானால் வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கள் என்கிறான் செக்குக்காரன். கடைசி என்றால் அடுத்த வாரம். மூட்டைக்குள் கை விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறதாம்.

"மாப்ள, விருந்துல பெருசா அளந்தியே, உன் மெஷின் என் காய நேத்தே பிழிஞ்சாச்சுன்னு சொல்லுது. நான் அந்த மூட்டை மேலதான் உக்காந்திருக்கேன். மெஷின நம்பவா, என் பின்பக்கத்த நம்பவா?"

மொந்தர் போனை வைத்ததும் கணினியைத் திறந்தார். கண்ணில் பட்ட முதல் சேனலில், அது வெட்டிப்பேச்சுச் சேனல் என்றுகூடப் பார்க்காமல், மாமனாரின் முறை போன கதையைச் சொல்லி, அவசரம், யாராவது காப்பாற்றுங்கள் என்று எழுதினார். நாங்கள் எல்லோரும் ஒல்ஃபா என்ன எழுதுவாள் என்று பார்த்தோம். பழிவாங்க இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நானாக இருந்தால் விட்டிருக்கவே மாட்டேன். ஒல்ஃபா அங்கேயே, அப்போதே எழுதினாள்.

"அண்ணே, செக்குக்காரர பழைய பதிப்புக்குப் போகச் சொல்லுங்க. பேரோட அவங்க அப்பா பேரையும் சேத்துப் போட்டா ரெண்டு பேரும் தனித்தனியா வந்துடுவாங்க. சீக்கிரம், காய் சூடாகுது."

மாமனாரின் முறை திரும்பக் கிடைத்தது, காய் தப்பித்தது. மொந்தர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று திரையில் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் மனம் திறந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நாங்கள் நம்பிவிட்டோம். கடைசியில் வந்தது.

"மிக்க நன்றி, சகோதரி. இருந்தாலும் இந்தப் பதில் உதவிச் சேனல்ல வந்திருக்கணும். அடுத்த தடவ கவனத்துல வச்சுக்குங்க."

அடுத்த தடவை இல்லை. ஒல்ஃபா அன்றைக்கே எல்லாச் சேனல்களிலிருந்தும் வெளியேறிவிட்டாள். ஒவ்வொரு அறுவடைக்கும் எங்களுக்கு இனி யார் முன்கூட்டி ஓட்டிப் பார்த்துச் சொல்வார் என்று தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் போன மாதம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வேண்டும் என்று எழுதியபோது, 'இது கல்யாண ஏற்பாடுகளுக்கான குழு' என்று ஒருவர் பொறுப்பாக நினைவூட்டினாரே, அவர் எந்த ஊர்க்காரர் என்று கொஞ்சம் யோசித்துச் சொல்ல முடியுமா?